கேட்பது 600, இருப்பது 200

“ஒரு நிறுவனம் திவாலானால், மிஞ்சிய பணத்தைக் கடன் கொடுத்தவர்களுக்கு எப்படிப் பிரிப்பது நியாயம்? அதற்கென்று கணக்கு ஏதும் உண்டா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. ஒன்றுக்கு மேல் இருப்பதுதான் தொல்லை.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது விகிதாசாரம். 100 கொடுத்தவருக்கு ஒரு பங்கு என்றால் 300 கொடுத்தவருக்கு மூன்று பங்கு. ஒரே முன்னுரிமை உள்ள கடன்களுக்குப் பெரும்பாலான நாட்டுச் சட்டங்களும் இதைத்தான் சொல்கின்றன. பள்ளிக்கூடக் கணக்கு, அதை விட்டுவிடுவோம். என்னை மயக்கியது வேறொன்று.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தல்மூத்தில் ஒரு வழக்கு வருகிறது. மூன்று மனைவியர் உள்ள ஒருவர் இறந்துபோகிறார். திருமண ஒப்பந்தங்களின்படி அவர்களுக்குச் சேர வேண்டியது 100, 200, 300 சூஸ். சூஸ் என்பது அக்கால வெள்ளிக் காசு. அவர் விட்டுச்சென்றது 100 மட்டும் என்றால், மூவருக்கும் சமமாக 33⅓. விட்டுச்சென்றது 300 என்றால் 50, 100, 150. சரி, முதலாவது சமபங்கு, இரண்டாவது விகிதாசாரம். ஆனால் 200 இருந்தால்? 50, 75, 75 என்கிறது நூல். இது சமமும் இல்லை, விகிதாசாரமும் இல்லை.

நூற்றாண்டுகளாக உரைகாரர்களைத் திணறடித்த இந்த எண்களை, இளம் தல்மூத் அறிஞரான தன் மகன் சொல்லித்தான் ராபர்ட் ஆமன் கவனித்தார். பலர் மோதும் இடத்தில் யார் எப்படி முடிவெடுப்பார்கள் என்று ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் பெரிய கை, பின்னாளில் 2005-இல் பொருளியல் நோபல் பெற்றவர். 1985-இல் அவரும் மைக்கேல் மாஷ்லரும் விடையை வெளியிட்டார்கள்.

விடையின் சாவி அதே நூலின் இன்னொரு மூலையில் கிடந்தது. ஒரு துணியை இருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். “முழுக்க என்னுடையது” என்கிறார் ஒருவர். “பாதி என்னுடையது” என்கிறார் மற்றவர். தீர்ப்பு: முதல்வருக்கு முக்கால், இரண்டாமவருக்குக் கால். ஏன்? இரண்டாமவரே ஒரு பாதி தனக்கில்லை என்று ஒத்துக்கொண்டார், அதில் சண்டை இல்லை. சண்டை மீதிப் பாதிக்குத்தான். அதை மட்டும் சரிபாதியாக வெட்டுகிறார்கள்.

இப்போது அந்த 50, 75, 75-க்கு வாருங்கள். முதல் இரு மனைவியரையும் தனியே அழைத்துப் பேசுவோம். இருவர் கையிலும் சேர்ந்து 125. முதலாமவர் கேட்பதே 100தான், ஆகவே 25-ஐ விட்டுக்கொடுத்துவிட்டார். இரண்டாமவர் எதையும் விடவில்லை. சண்டைக்குரிய 100 பாதியாகிறது: 50, 75. எந்த இருவரை எடுத்தாலும், மூன்று தொகைகளில் எதை எடுத்தாலும், இதே துணி விதிதான். போட்டுப் பாருங்கள். முதல்முறை போட்டுப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பழைய நூல்களில் எல்லாமே இருக்கிறது என்பவர்கள் இதைக் கேட்டுக் குதூகலிக்கலாம். எண்கள் இருந்தன, உண்மைதான். காரணத்தை யாராவது உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ‘பழஞ்சுவடியில் உள்ள சில எண்களுக்குக் காரணம் தேடப் போகிறேன்’ என்று இன்று விண்ணப்பித்தால் எந்த நிதிக்குழு பணம் தரும் என்பது வேறு கதை.

2000-இல் மாரெக் காமின்ஸ்கி இதைத் தண்ணீரால் காட்டினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவே நூல்போல ஒரு குழாய். ஒவ்வொரு அறையும் அவர் கேட்பதில் பாதியைக் கொள்ளும். எல்லா அறைகளும் ஒரே அகலம் என்பதால் 100-இன் அறை குட்டை, 300-இன் அறை நெட்டை. ஆனால் பாத்திரங்களின் மொத்த உயரம் ஒன்றுதான். கீழறைகள் தரையில் நிற்க, மேலறைகள் உச்சியிலிருந்து தொங்குகின்றன. எல்லாவற்றையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிட்டுச் சொத்தைத் தண்ணீராக ஊற்றுங்கள்.

100 ஊற்றினால் மூன்றிலும் ஒரே மட்டம், 33⅓. மட்டம் 50-ஐ எட்டியதும் சின்னவரின் கீழறை நிரம்பிவிடுகிறது. மெல்லிய குழாய்க்குள் ஏறுவது சொட்டுக்கணக்கு. மீதி மற்ற இருவருக்கும் போய், 200-இல் 75, 75. 300-இல் எல்லாக் கீழறைகளும் நிறைகின்றன, அதாவது எல்லோருக்கும் சரிபாதி. அதற்கு மேல் ஊற்றினால் முதலில் நிரம்பத் தொடங்குவது பெரியவரின் மேலறை. 400 ஊற்றினால் 50, 125, 225. அவரவர் இழந்தது 50, 75, 75. அதே எண்கள், தலைகீழாக!

பாதிக்குக் கீழே ‘எனக்கு என்ன கிடைத்தது’ என்று பார்க்கிறோம். பாதியைத் தாண்டினால் ‘எனக்கு என்ன போயிற்று’ என்று பார்க்கிறோம். வரிச்சுமையைப் பங்கிடுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், அங்கே பிரிப்பது இழப்பை.

அப்புறம் ஏன் சட்டங்கள் விகிதாசாரத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன? தண்ணீர் முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருப்பது 100தான் என்று தெரிந்ததும், 300 கேட்க வேண்டியவர் தன் கடனை மூன்று பினாமிகள் பெயரில் 100, 100, 100 என்று எழுதிவைக்கிறார். இப்போது வரிசையில் ஐந்து பேர், ஆளுக்கு 20. அவருக்குச் சேர வேண்டியது 33⅓, கொண்டுபோவது 60. விகிதாசாரத்தில் கடனை எத்தனை துண்டாக்கினாலும் 50தான் கிடைக்கும்.