ரத்தம் வராத ஈறு

"எனக்கு இருமல்கூடக் கிடையாது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை" என்று சொல்கிற சிகரெட்காரர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் நம்பியிருக்கும் அறிகுறிகளில்தான் கோளாறு. புகை உடம்பைக் கெடுக்கும்போதே, அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அடையாளங்களையும் அமுக்கிவிடுகிறது.

ஈறையே பாருங்கள். ஈறு நோய் தொடங்கினால் பல் தேய்க்கும்போது பிரஷ்ஷில் ரத்தம் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் பல் மருத்துவரிடம் போகிறார்கள். புகைப்பவரின் ஈறிலோ ரத்தக் கசிவு அடங்கிவிடுகிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது இதற்கு ஒரு காரணம். ஈறு வெளிறி, கெட்டியாக, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். சிகரெட்டை விட்ட சில வாரங்களில் மறுபடி ரத்தம் எட்டிப்பார்க்கலாம். விட்டதால்தான் கெட்டது என்று அப்போது தோன்றுவது இயல்பு.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே மாதிரி ஏமாறும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதும் ரத்தம் நல்ல சிவப்பாகவே இருக்கிறது. கருவியோ நிறத்தை வைத்துக் கணக்குப் போடுவது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் என்றே இதையும் எண்ணிவிடுகிறது. திரையில் 98 சதவீதம் என்று வரும். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினில் ஒரு பங்கு அந்த வேலையில் இருக்காது.

நுரையீரலின் கதை வேறு. 2 மில்லிமீட்டருக்கும் குறுகிய காற்றுக்குழாய்களை மருத்துவர்கள் 'மௌனப் பகுதி' என்பார்கள். அவை எண்ணிக்கையில் ஏராளம். ஆகவே நிறைய அடைபட்டாலும் மிச்சமிருப்பவற்றின் வழியே காற்று போய்வரும். போதாக்குறைக்கு, நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பது அதைச் சுற்றியுள்ள உறைக்குத்தான். ஒரே மூச்சில் ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு நடுவயதில் எல்லோருக்குமே ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறையும். புகையால் எளிதில் பாதிக்கப்படுபவர்களுக்கு அது இரட்டிப்பாகலாம். இவ்வளவு மெதுவாகக் குறைவது யாருக்கும் உறைக்காது. நடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வோம், லிஃப்ட்டைத் தேடுவோம், வயசாகிறது என்போம்.

இதயத்தைப் பொறுத்தவரை "நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன்" என்பதும் பெரிதாக உதவுவதில்லை. நாளுக்கு 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று கண்டது. ரத்தக் குழாயின் உள்சுவர் சீர்கெடுவதும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சட்டென்று ஒட்டிக்கொள்வதும் சின்ன அளவுப் புகைக்கே தொடங்கிவிடுகின்றன. இரண்டையும் உணர நமக்குப் புலன் கிடையாது.

ஆரம்பத்தில் சொன்ன அந்த இல்லாத இருமலுக்கு வருவோம். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, தூசியோடு சேர்ந்த சளியை மேலே தள்ளுகின்றன. புகை அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. சளி அங்கேயே தேங்குகிறது. சிகரெட்டை விட்டவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்கள் இருமல் கூடுவது, அந்த மயிர்கள் மறுபடி அசைந்து பழைய சளியை வெளியே தள்ளத் தொடங்குவதால்தான்.