முதலில் குலுக்கல், அப்புறம் குறி

ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டில் ஒரு இழுபறிக் கட்டம். உங்கள் உயிர் 3, எதிராளியின் உயிரும் 3. அவர் பக்கம் ஒரு 3/3 மினியன் (3 அடி, 3 உயிர் உள்ள படைவீரன் கார்டு) நிற்கிறது. அடுத்த சுற்றில் அது ஒரு தட்டுத் தட்டினால் நீங்கள் காலி. உங்கள் பக்கம் பலகையில் ஒன்றுமில்லை. நீங்கள் மேஜ் (மந்திரவாதி), மிச்சம் 3 மானா (கார்டு போடச் செலவிடும் புள்ளி), கையில் ஆர்கேன் மிஸைல்ஸ் என்ற கார்டு மட்டும்.

அந்தக் கார்டுக்கு 1 மானா. மூன்று மிஸைல், மிஸைலுக்கு 1 அடி. ஒவ்வொன்றும் ஹீரோ (அதாவது எதிராளி) மேல் விழுமா மினியன் மேல் விழுமா என்பது குலுக்கல். மேஜின் ஹீரோ பவரான (கார்டு இல்லாமலே பயன்படுத்தும் சக்தி) ஃபயர்பிளாஸ்டுக்கு 2 மானா. நீங்கள் காட்டிய இடத்தில் 1 அடி. மினியனுக்கு டான்ட் (எதிரி மினியன்களைத் தன்னையே முதலில் அடிக்க வைக்கும் தன்மை) இருந்தாலும் இவை இரண்டையும் அது தடுக்காது.

மிஸைல்கள் விழக்கூடிய வரிசை 2×2×2, அதாவது 8. ஹீரோவுக்கு மூன்றும் விழுவது 1 வரிசையில், இரண்டு விழுவது 3இல், ஒன்று விழுவது 3இல், ஒன்றுமே விழாதது 1இல்.

ஃபயர்பிளாஸ்டை முதலில் மினியன் மேல் போட்டால், ஜெயிக்க மூன்று மிஸைலும் ஹீரோ மேலேயே விழ வேண்டும்: எட்டில் 1. இது மோசம் என்பது பார்த்தாலே தெரியும். முதலில் ஹீரோவை அடித்தால் இரண்டு மிஸைல் போதும்: எட்டில் 4. மிஸைலை முதலில் விட்டாலும் அதே எட்டில் 4தான். "இரண்டும் 50 சதவீதம், எதைச் செய்தால் என்ன?" என்று, சுற்றின் நேரம் முடிவதைக் காட்டும் கயிறு எரிகிற அவசரத்தில் பலர் ஹீரோவை அடித்துவிடுகிறார்கள்.

வித்தியாசம் தோற்கிற பாதியில் இருக்கிறது. ஹீரோவை முதலில் அடித்தவருக்கு, மிஸைல் ஒன்று ஹீரோவுக்கும் இரண்டு மினியனுக்கும் போகும் அந்த 3 வரிசைகளில் மினியன் 1 உயிரோடு தப்பிவிடும். கையில் வேறு அடி கிடையாது. எட்டில் 3 முறை அடுத்த சுற்றில் சாவு. மிஸைலை முதலில் விட்டவரிடம் அதே 3 வரிசைகளிலும் ஃபயர்பிளாஸ்ட் பாக்கி இருக்கிறது. 1 உயிரில் தள்ளாடும் மினியனை அதுவே முடித்துவிடும். மூன்று மிஸைலும் மினியன் மேலேயே விழுந்தால் அது ஏற்கெனவே செத்திருக்கும். அப்போது ஃபயர்பிளாஸ்ட் ஹீரோவுக்கு. ஆக எட்டில் 4 வெற்றி, மீதி 4இல் பலகை காலி, எதிராளி 2 உயிரில். அவர் கையிலிருந்து புதிதாக ஏதாவது வந்தால்தான் உங்களுக்கு ஆபத்து.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு மினியனின் உயிர் 3 என்பதால்தான் சுத்தமாக வருகிறது. அது 1 உயிர் மினியன் என்றால் இரண்டாவது அடி அதன் மேல் விழாது. செத்ததைக் குலுக்கலில் சேர்ப்பதில்லை. ஆகவே குறைந்தது இரண்டு மிஸைல் ஹீரோவுக்கு உறுதி. ஃபயர்பிளாஸ்டும் சேர்ந்தால் 3. அங்கே வரிசையைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நம் கட்டத்தில் தப்பியவர் அடுத்து ஒரு கார்டு எடுப்பார். டெக்கில் (கார்டுக் கட்டில்) மிச்சம் 6, அதில் ஃபிராஸ்ட்போல்ட் என்ற அடிக்கும் கார்டு 2 என்றால் அது வர மூன்றில் ஒரு வாய்ப்பு. அதன் 3 அடி, எதிராளியின் 2 உயிருக்கு மிஞ்சியது.