ஐஎஸ்டி என்றால் எந்த ஊர் நேரம்?

ஒரு ஜூலை மாதம், டப்ளினில் இருக்கும் எங்கள் குழுவிடமிருந்து மெயில் வந்தது: "டேட்டாபேஸ் மாற்றம், வியாழன் பிற்பகல் 3 மணி ஐஎஸ்டி." ஐஎஸ்டி என்றால் இந்திய நேரம்தானே என்று, சென்னையில் நாங்கள் நான்கு பேர் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு 2.50-க்கே மீட்டிங்கில் போய் உட்கார்ந்துகொண்டோம், அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள், அங்கே அப்போது காலை 10.30தானே.

அவர்கள் எழுதியது தப்பே இல்லை. அயர்லாந்தில் 1968-இல் போட்ட சட்டப்படி ஜிஎம்டி-யை (கிரீன்விச் நேரத்தை) விட 1 மணி நேரம் முந்தியதுதான் 'ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம்'. கோடையில் இருப்பது அதுதான், குளிர்காலத்தில் ஜிஎம்டி-க்குப் போய்விடுவார்கள். இஸ்ரேலுக்கும் ஒரு ஐஎஸ்டி உண்டு, அது +2. நம்முடையது +5:30. மூன்று எழுத்து, மூன்று நாடு.

மனிதர்களாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், மென்பொருள் கேட்காது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 18-ஆம் பதிப்புக்கு முன்பெல்லாம் '15:00 ஐஎஸ்டி' என்று கொடுத்தால் அது இஸ்ரேல் நேரமாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதாவது நமக்கு மாலை 6.30. எர்ரர் எதுவும் வராது, அதுதான் வயிற்றெரிச்சல். இந்திய அர்த்தம் வேண்டுமென்றால் 'டைம்ஸோன் அப்ரிவியேஷன்ஸ்' என்ற செட்டிங்கை 'இந்தியா' என்று மாற்ற வேண்டும். எத்தனை பேர் மாற்றியிருப்பார்கள்? சிஎஸ்டி இன்னும் மோசம்: சிகாகோவா சீனாவா என்று குழம்பினால் வித்தியாசம் 14 மணி நேரம்.

அமெரிக்க கிளையன்ட்கள் ஜூலையிலும் 'காலை 10 இஎஸ்டி' என்றே எழுதுவார்கள், அது நியூயார்க் பக்கத்துக் குளிர்கால நேரம். சொல்ல வருவது இடிடி-யை, அதாவது கோடை நேரத்தை. எழுத்தை நம்பினால் நமக்கு இரவு 8.30, ஆளை நம்பினால் 7.30. நான் ஆளைத்தான் நம்புவேன், ஆனாலும் ஒரு வரி கேட்டுவிடுவேன்.

இப்போது லாகிலும் டேட்டாபேஸிலும் யுடிசி (உலகப் பொது நேரம்) மட்டும்தான், மெயிலில் எழுதினால் பக்கத்திலேயே '+05:30'. ஆனால் வாராவாரம் வரும் மீட்டிங்குக்கு அந்த எண் போதாது, ஊர்ப் பெயர் வேண்டும். "டப்ளின் நேரம் 15:00" என்று காலண்டரில் போட்டால், அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் சென்னைக்கு 7.30 என்பது தானாகவே 8.30 ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டு நேரம் போச்சே என்று வீட்டில் திட்டு விழுவது வேறு விஷயம்.