நாள் பெயர் அல்ல, கிழமைப் பெயர்

கானாவைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், அசாந்தே மக்களின் பெயர்கள் பற்றிய பத்தியில், பிறந்த கிழமையை வைத்து அமையும் பெயருக்கு ‘நாள் பெயர்’ என்ற சொல் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்த சொல் இது. எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத, இப்போது இதுதான் கலைச்சொல் என்ற நிலைக்கு வந்துவிட்டது. இது தவறு, சின்னத் தவறும் அல்ல.

அவர்களுடைய ட்வி மொழியில் இதற்குக் கிராடின் என்று பெயர். கிரா என்பது கடவுளிடமிருந்து மனிதனுக்கு வரும் உயிர், டின் என்றால் பெயர். குழந்தை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமையின் பெயர் அதற்கு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. சனிக்கிழமை என்றால் குவாமே, அமா. 1900இல் ஆங்கிலேய ஆளுநர் அசாந்தேக்களின் புனிதச் சின்னமான பொன் இருக்கையைக் கேட்டபோது போருக்கு எழுந்த எஜிசு ஊரின் ராஜமாதா யா அசந்தேவாவின் ‘யா’, வியாழக்கிழமைக்கு உரியது.

சரி, ‘நாள் பெயர்’ என்று படிக்கும் தமிழர் என்ன நினைப்பார்? நமக்கு நாள் என்றால் தேதி. நல்ல நேரமும் நாள்தான். பழைய நூல்களில் நட்சத்திரமும் நாள்தான். நாள்மீன், கோள்மீன் என்று பிரித்துச் சொன்னவர்கள் நாம். ‘நாள் பார்த்தாச்சா?’ என்று கேட்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டியாயிற்றா என்று அர்த்தம். அதனால் நட்சத்திரம் கணித்து, முதல் எழுத்துக் கேட்டு வைத்த பெயர் என்றுதான் அவருக்குத் தோன்றும். ‘நம் ஜென்ம நட்சத்திரப் பெயர் மாதிரி’ என்று சிலர் விளக்கம் வேறு சேர்க்கிறார்கள். கிராடினை யாரும் பார்த்து வைப்பதில்லை. குழந்தை பிறந்ததுமே அது வந்துவிடுகிறது.

பார்த்து வைக்கும் பெயர் தனி. அது தந்தை கொடுப்பது, எட்டாம் நாள் சடங்கில் சூட்டுவது. பெரியவர் ஒருவர் தண்ணீரில் விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் தொட்டு, தண்ணீர் என்றால் தண்ணீர் என்றே சொல்ல வேண்டும் என்கிறார். அப்புறம் மதுவைத் தொட்டு வைத்து, மது என்றால் மது என்றே சொல்ல வேண்டும் என்கிறார். இந்த இரண்டு பெயர்களையும் ‘நாள் பெயர்’ ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

கிழமை என்ற சொல்லுக்கு உரிமை என்று பொருள். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. பிறந்த கிழமைக்கும் குழந்தையின் உயிருக்கும் உறவு உண்டு என்பதுதான் அசாந்தே நம்பிக்கையும். திங்களன்று பிறந்த குவாட்வோ அமைதியானவன், புதனன்று பிறந்த குவாக்கு சண்டைக்காரன் என்பார்கள். உளவியலாளர் குஸ்தாவ் யஹோடா, அசாந்தே தலைநகரான குமாசியின் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்து 1954இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைத் தாக்கிய குற்றங்களில் குவாக்குகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தார்கள். எதிர்பார்ப்புதான் பிள்ளைகளை அப்படி ஆக்கியதா என்பது பெரிய கேள்வி. ஆனால் பெயருக்கும் கிழமைக்கும் இடையே இவ்வளவு இருக்கும்போது ‘கிழமை’ என்ற சொல்லையே விட்டுவிட்டு எழுதலாமா?

கிழமைப் பெயர் என்றால் ஞாயிறு, திங்கள் என்ற பெயர்களைக் குறிக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் முறை ‘பிறந்த கிழமைப் பெயர்’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ‘பிறந்தநாள் பெயர்’ மட்டும் வேண்டாம், அது கேக் வெட்டும் நாளைத்தான் நினைவூட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நிமிடம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பாதித் தவறு போய்விடும். ‘கோஃபி என்றால் வெள்ளி’ என்று எழுதினால் உலோகமா, கிரகமா, கிழமையா? ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானை நம் செய்தித்தாள்கள் ‘கோபி அன்னான்’ ஆக்கி, நம்மூர் கோபியோடு சேர்த்துவிட்டன. அவர் 1938 ஏப்ரல் 8 அன்று குமாசியில் பிறந்தார். அன்று வெள்ளிக்கிழமை. முழுப்பெயர் கோஃபி அட்டா அன்னான்; அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர். கூடப் பிறந்த சகோதரி எஃபுவா, ட்வியின் உறவு மொழியான ஃபாண்டேயில் அஃபுவாவின் வடிவம். ஆய்த எழுத்து நம்மிடம் இருக்கிறது, கிழமையும் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்துங்கள்.