பட்டய விமானமா, வாடகை விமானமா?

'பட்டய விமானத்தில் வந்திறங்கினார்' என்று இந்த மாதத்தில் மூன்றாம் முறையாகப் படித்துவிட்டேன். செப்புப் பட்டயம் தெரியும், பட்டயப் படிப்பு தெரியும். விமானத்துக்கு யார் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள்?

முழு விமானத்தையும் வாடகைக்குப் பேசிப் போவதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் சார்ட்டர். காகிதத்தைக் குறித்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதில் இரண்டு கிளை. ஒன்று, அரசர் தரும் உரிமை ஆவணம். எடின்பரோ கணக்கர் சங்கத்துக்கு 1854-இல் அது கிடைத்ததால்தான் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் என்ற பெயர். அவரைப் பட்டயக் கணக்கர் என்பது சரி. மற்றது கப்பல்காரர்களின் சார்ட்டர்பார்ட்டி, அதாவது கப்பலை வாடகைக்குப் பேசும் ஒப்பந்தம். லத்தீனில் கார்ட்டா பார்ட்டிட்டா, பிளந்த தாள். ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் வெட்டுவாய் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். தமிழில் 'முறி' என்பதற்கும் துண்டு, பத்திரம் என இரண்டு பொருளும் உண்டு. விமானம் சேர்ந்தது இந்தக் கிளையில்.

நான் 'வாடகை விமானம்' என்று எழுதிக் கொடுத்ததை ஒரு நிறுவனத்தில் 'பட்டய விமானம்' என்று திருத்தி அனுப்பினார்கள். வாடகை என்றால் மலிவாக ஒலிக்கிறதாம், வாடகை சைக்கிள் மாதிரி. ஒலித்தால் என்ன? திருச்செந்தூருக்கு வேன் பேசிப் போகிறோம். வண்டி, டிரைவர், டீசல் அவர்கள் பொறுப்பு. எங்கே, எப்போது என்பதை நாம் சொல்கிறோம். பாதி சீட் காலியாக இருந்தாலும் முழு வண்டிக்கும் காசு. ராத்திரி தங்கினால் டிரைவர் பேட்டா. அங்கேயும் அதேதான், விமானி தங்கும் செலவு பில்லில் ஏறும். இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தப் பட்டயத்தில் போய்த் தேடுவது?

வேறு சிலர் 'தனியார் விமானம்' என்கிறார்கள். இண்டிகோவும் தனியார் விமானம்தானே? தவிர, சொந்த உபயோகத்துக்கென்று பதிவான விமானத்தை இந்தியாவில் வாடகைக்கு விடக் கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். வெள்ளை போர்டு வண்டிக்கும் மஞ்சள் போர்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம். 'தனி விமானம்' பரவாயில்லை, ஆனால் அது சொந்தமா வாடகையா என்று சொல்லாது.

அப்புறம் 'வெற்றுக் கால் சலுகை'. சத்தியமாக அச்சில் பார்த்தேன், செருப்புக்கடை விளம்பரம் என்றே நினைத்தேன். ஆங்கிலத்தில் எம்ப்டி லெக்காம். லெக் என்றால் இங்கே கால் அல்ல, பயணத்தின் ஒரு பகுதி. ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் விமானம், அல்லது அடுத்த ஆளை ஏற்றக் காலியாகப் போகும் விமானம். அந்த நடையைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டாமல், ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் டாக்ஸிக்காரரைக் கேட்டிருந்தால் 'ரிட்டன் வண்டி சார்' என்று சொல்லியிருப்பார். எழுத்தில் வேண்டுமானால் காலி நடை என்று போடலாம்.