டவுன்லோடு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

சீரியல் கேபிளில் பிபிபி (சீரியல் லைனில் நெட்வொர்க் பாக்கெட்டுகளை அனுப்பும் முறை) இணைப்பு வந்துவிட்டது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, லாகின் செய்து டைப் அடிக்கவும் முடிகிறது, ஆனால் ஒரு ஃபைலை இறக்கினால் மட்டும் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. லைன் ஸ்லோ, அதனால்தான் என்று விட்டுவிடாதீர்கள். வேகம் குறைந்தால் ஃபைல் மெதுவாக வரும், நிற்காது. நின்றால் வேறு காரணம் உண்டு. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே அதைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

அதே ஃபைலை இன்னொரு தடவை இறக்குங்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றால் அங்கே இருக்கும் பைட்தான் பிரச்சினை. சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலில் (டேட்டா ஓட்டத்தை நிறுத்தவும் தொடரவும் அதே லைனில் தனி பைட் அனுப்பும் முறையில்) 19 என்ற பைட்டுக்கு 'அனுப்பாதே' என்று பொருள், 17-க்கு 'அனுப்பு'. சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இவை வராது. ஜிப் ஃபைலில் 0 முதல் 255 வரை எல்லாமே வரும். டேட்டாவில் 19 வந்ததும் வாங்கும் பக்கத்து டிரைவர் அதைக் கட்டளை என்று நினைத்து விழுங்கிவிட்டு, தான் அனுப்புவதையும் நிறுத்திவிடுகிறது. பாக்கெட்டும் கெட்டது, 'கிடைத்தது' என்ற பதிலும் போகவில்லை. டிசிபி (பதில் வராத பாக்கெட்டை மறுபடி அனுப்பும் நெறிமுறை) அதே பாக்கெட்டை, அதே 19-உடன், திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்ற தனி ஒயர்கள் வழியாக நிறுத்தச் சொல்லும் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலுக்கு மாறுவதுதான் சரியான தீர்வு, ஆனால் மூன்று ஒயர் மட்டும் உள்ள கேபிளில் அது நடக்காது. அப்போது பிபிபியின் அசின்க்மேப்பில் (எந்தெந்த பைட்டை மாற்றி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) 17, 19 இரண்டையும் வேறு வடிவில் அனுப்பச் சொல்லலாம். பிபிபிக்கு முந்தைய ஸ்லிப் முறையில் அந்த வசதியே இல்லை.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ஓவர்ரன் (வந்த பைட்டை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடுவது) ஆக இருக்கலாம். 115200 (நொடிக்கு இத்தனை பிட், ஒரு பைட்டுக்கு 10 பிட்) வேகத்தில் நொடிக்கு 11,520 பைட், அதாவது 87 மைக்ரோ நொடிக்கு ஒன்று. பழைய 16450 சீரியல் போர்ட் சிப்பில் ஒரு பைட்டுக்குத்தான் இடம். 16550ஏ-வில் 16 பைட், அதுவும் 1.4 மில்லி நொடியில் நிரம்பிவிடும். அதற்குள் சிபியு வந்து எடுக்காவிட்டால் பைட் போச்சு, அதோடு முழு பாக்கெட்டும் போச்சு. ஒரே பாக்கெட் அடுத்தடுத்துத் தொலைந்தால் டிசிபி காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும், 1 நொடி, 2, 4, 8 என்று, பார்ப்பவருக்கு டவுன்லோடு செத்துவிட்டது போலவே இருக்கும். வேகத்தை 38400-க்கு இறக்கிப் பாருங்கள், சரியானால் ஓவர்ரனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் வரும் தலைப்பைச் சுருக்கும் வசதியையும் (40 பைட்டை 3 முதல் 5 பைட்டாக்குவது) சோதனைக்காக அணைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது முந்தைய பாக்கெட்டோடு உள்ள வித்தியாசத்தை மட்டுமே அனுப்புகிறது. நடுவில் ஒன்று தொலைந்தால் அடுத்து வருபவையும் வீண்.

ஆரம்பத்திலேயே, ஒரு பைட்கூட வராமல் நின்றால்? 1400 பைட் அளவில் பிங் செய்யுங்கள். சின்னது போய்ப் பெரியது போகவில்லை என்றால் எம்டியூ-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கவனிக்க வேண்டும். 9600 வேகத்தில் 1500 பைட் பாக்கெட் கடக்கவே ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் அனுப்பியவர் பொறுமையிழந்து இன்னொரு பிரதியை அனுப்பிவிடலாம். எம்டியூ-வை 296 ஆக்கினால் ஒரு பாக்கெட்டுக்கு 0.3 நொடி போதும். உங்கள் கணினி மற்ற கணினிகளுக்கு கேட்வேயாக (அவற்றின் பாக்கெட்டுகள் கடந்து போகும் வழியாக) இருந்தால் எம்எஸ்எஸ் (தலைப்பு நீங்கலாக ஒரு டிசிபி பாக்கெட்டில் வரும் டேட்டாவின் அதிகபட்சம்) அளவையும் அதற்கேற்ப 256-க்குக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கணினிகளுக்கு மட்டும் டவுன்லோடு நிற்கலாம்.