விரலின் வேலை உருளைக்குப் போனபோது

கையால் நூற்கும்போது நூலின் தரம் விரலில் இருக்கிறது. பஞ்சை எவ்வளவு இழுப்பது, எப்போது முறுக்கை விடுவது என்பது கைக்குப் பழகவே காலம் பிடிக்கும். 1769-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரம் அந்தப் பழக்கத்தைத் தேவையற்றதாக்கியது.

பஞ்சுத் திரி அடுத்தடுத்த உருளை ஜோடிகளுக்கு நடுவே நுழைகிறது. ஒவ்வொரு ஜோடியும் முந்தியதைவிட வேகமாகச் சுழலும். முதல் ஜோடி 1 அங்குலம் உள்ளே விடும் நேரத்தில் கடைசி ஜோடி 6 அங்குலம் வெளியே இழுத்தால், திரி ஆறில் ஒரு பங்காக மெலியும். அதைக் கதிர் எனும் சுழலும் நூற்புத் தண்டு முறுக்கிச் சுற்றிக்கொள்ளும்.

இந்த யோசனை ஆர்க்ரைட்டுடையது அல்ல. லூயிஸ் பால் 1738-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், தொழிலாகத்தான் நிலைக்கவில்லை. இது சரியாக ஓடுவது உருளைகளின் இடைவெளியைப் பொறுத்தது. இரண்டு ஜோடிகளுக்கு இடையிலான தூரம் பஞ்சு இழையின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒரே இழையை இரண்டு ஜோடிகளும் பிடித்து இழுத்து அறுத்துவிடும். கூடினால் எந்தப் பிடியிலும் சிக்காத இழைகள் கொத்தாக நகர்ந்து, நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். தோல் உறையிட்ட மேல் உருளையை எடை தொங்கவிட்டு அழுத்த வேண்டும். எடை போதாவிட்டால் பஞ்சு வழுக்கும். காற்று உலர்ந்தாலும் இழை அறுபடும்.

இப்படி வந்த நூல் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல், ஓட்டும் அளவுக்கு உறுதியாக இருந்தது. அதுவரை இங்கிலாந்து நெசவாளர்கள் பாவுக்குப் பெரும்பாலும் ஆளிச் செடி நாரின் நூலையே நம்பியிருந்தார்கள்.

அதே காலத்து ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு இயந்திரம் வீட்டுக்குள் அடங்கியது, கையால் சுற்றலாம். ஆர்க்ரைட்டின் இயந்திரத்துக்கோ ஆற்றுநீர் தேவைப்பட்டது. 1771-இல் டார்பிஷயரின் கிராம்ஃபோர்டில் அவர் ஆலை கட்டத் தொடங்கினார். ஒரு நீர்ச்சக்கரம், அதிலிருந்து ஷாஃப்ட் எனும் சுழல் தண்டு, ஷாஃப்டிலிருந்து மாடிக்கு மாடி இயந்திரங்கள். சக்கரம் சுழன்றால் எல்லாம் சுழலும். ஆள் வரும்வரை ஓர் இயந்திரத்துக்காகச் சக்கரம் காத்திருக்காது. ஆலையின் கண்டிப்பை முதலாளியின் குணமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஷாஃப்டை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளை 12 மணி நேர ஷிப்டுகள் இரண்டாகப் பிரித்தது சக்கரம் அல்ல, போட்ட முதலைச் சீக்கிரம் எடுக்கும் கணக்கு.

நீராவி வந்ததும் ஆற்றங்கரைக் கட்டாயமும் போயிற்று. 1785-இல் இங்கிலாந்தின் பாப்பிள்விக் பருத்தி ஆலையில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் ஓடியது. பிறகு ஆலைகள் நகரங்களில் குவிந்தன. 1801-இல் 1 லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த மான்செஸ்டரில் 1851-இல் சுமார் 3 லட்சம் பேர்.

இழுக்கும் திறமை உருளைக்குப் போன பிறகு ஆளுக்கு மிஞ்சியது அறுந்த நூலை ஒட்டுவதும், இயந்திரத்தடியில் சேரும் பஞ்சுத் தூசியைக் கூட்டுவதும். அதற்குச் சின்னக் கை போதும், கூலியும் குறைவு. கிராம்ஃபோர்டுக்கு ஆள் எடுத்தபோது பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களையே தேடினார்கள்.

ஆலைகளில் குழந்தைகளின் வேலையைக் கட்டுப்படுத்த வந்த 1802, 1819 சட்டங்கள் ஏட்டளவில் நின்றன. அவற்றை அமல்படுத்தச் சம்பளம் பெறும் ஆய்வாளர் எவரும் இல்லை. 1833 சட்டம், பட்டு ஆலைகள் தவிர்த்த நெசவுத் தொழிலில் 9 வயதுக்குக் கீழானவர்களைத் தடுத்து, 4 ஆய்வாளர்களை நியமித்தது. வயதை எப்படி நிரூபிப்பது? இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவே 1837-இல்தான் தொடங்கியது. அதனால் மருத்துவர் உடல்வாகைப் பார்த்துச் சான்று எழுதினார். வளர்ந்த 8 வயதுப் பிள்ளை 9 வயதாகத் தேறுவது எளிது. பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் குழந்தைகள் 9 வயதை எட்டவே 1846 ஆகிவிட்டது.